பெட்டியில் பூந்தி

தெர்மோகோல் பெட்டியை மூன்று தடவை கழுவினேன்.
எலுமிச்சை, சோப்பு, திரும்பவும் எலுமிச்சை.
நெத்திலி வாடை போகவில்லை.
ஸ்க்ரூடிரைவரால் ஓட்டைகள் குத்தி
உள்ளே வைக்கோல் பரப்பி
அதற்குப் பழகிய பிவிசி குழாய்த் துண்டை வைத்தேன்.
குழாய்க்குள் பூந்தி,
முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு.

மிக்சர் செத்து நாற்பது நாள்.
இரண்டுக்கும் பெயர் வைத்தவள் என் மகள் டெல்சி.
நர்சிங் படிக்கத் திருநெல்வேலி போனவள்
போனில் சொன்னாள்:
"அதுங்க ஜோடியா இருக்குற சாதிப்பா.
தனியா விட்டா சாப்பிடாது."

சாப்பிட்டது,
நான் வேலைக்குக் கிளம்பி
கதவு பூட்டும் சத்தம் கேட்ட பிறகு.
காலையில் வந்தால் வெள்ளரித்துண்டில் பல் தடம் இருக்கும்.
கையை நீட்டினால்
கண்ணைத் திறந்தபடியே கல்லாகிவிடும்.
ஐஸ் கம்பெனியில் எனக்கு ராத்திரி ஷிப்ட்.
பகலில் தூங்குகிறவனுக்கும்
பகலில் ஒளிகிறதுக்கும்
என்ன பேச்சு இருக்கும்.

மண்டபத்தில் பஸ் ஏறினேன்.
"கோழியாண்ணே?"
இல்லை.
"நண்டா?"
இல்லை.
கண்டக்டர் ஓட்டையில் கண் வைத்துப் பார்த்தார்.
குழாய்தான் தெரிந்திருக்கும்.
லக்கேஜுக்கு ஒரு டிக்கெட் கிழித்து
என் சட்டைப்பையில் சொருகினார்.
உச்சிப்புளி தாண்டியதும் கச்சான் காற்று
மணலை வாரி ஜன்னலுக்குள் போட்டது.
துண்டால் மூடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.
ராமநாதபுரத்தில் வண்டி மாறி
திருப்புல்லாணி போகும்வரை
தொடையில் ஒரு நடுக்கம்,
எஞ்சினுடையதா
அதனுடையதா
பிரிக்க முடியவில்லை.

கீழக்கரையில் பச்சைக் கதவு.
தட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசித்தேன்.
மதுரைக் கடைக்காரன் கினிப்பன்றி என்று சொல்லித்தான் விற்றான்.
அந்தச் சொல்லை இந்த வீட்டு வாசலில்
எந்த வாயால் சொல்ல?
சீனி ஜுலைஹா சிரித்துவிட்டார்.
"நாங்க கினி எலின்னு ஆக்கிட்டோம்.
எலின்னா யாருக்கும் மனத்தாங்கல் இல்ல,
பூனையைத் தவிர."

அவர்கள் வீட்டில் இருப்பதும் ஒற்றை.
பெயர் தொதல்.
நிறமும் அந்த மினுமினுப்பும் அப்படி.
நடுவில் கம்பிவலை வைத்திருந்தான் பையன் அஜ்மல்.
"ஒரு வாரம் இப்படித்தான் அங்கிள்.
அவசரப்பட்டா கடிச்சுக்கும்."
பத்து வயதுதான் இருக்கும்.
அவசரப்படாமல் யாரையாவது
நான் யாரிடமாவது விட்டிருக்கிறேனா
என்று நினைத்துக்கொண்டேன்.

தேநீர் ஆறியது.
தொதல் வந்து வலையில் மூக்கை வைத்தது.
போயிற்று.
ஒரு கொத்தமல்லித் தண்டைக் கவ்வி வந்து
வலையோரமாய் உட்கார்ந்து
தானே தின்றது.
குழாய்க்குள் அசைவில்லை.
ஆறே முக்கால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
வெறும் பெட்டியோடு எழுந்தேன்.
இந்தத் தடவை கண்டக்டர் எதுவும் கேட்கவில்லை.

அன்றைக்கு அல்ல, மூன்றாம் நாள் ராத்திரி.
கம்ப்ரசர் இரைச்சலில் போன் அதிர்ந்தது.
வெளியே ஜெட்டி வரை நடந்து போய்க்
காதில் வைத்தேன்.

விசில். இரண்டு விசில்.
ஒன்று நீளம், அடங்காதது.
மற்றது உடைந்து உடைந்து,
தொடங்கிய இடத்திலேயே வெட்கப்பட்டு நின்று,
பிறகு மறுபடி.
நடுவே அஜ்மலின் குரல்:
"அங்கிள், இதுல எது பூந்தி?"

இரண்டு வருஷம்
கேரி பை சரசரக்கும்போதெல்லாம்
என் வீட்டிலும் விசில் கேட்டது.
இரண்டும் சேர்ந்து கூப்பிடுவதாகத்தான் நினைத்திருந்தேன்.
மிக்சர் போன பிறகு
ஒருநாளும் கேட்கவில்லை.

திரும்பப் போட்டேன்.
நீளமா, உடைந்ததா.
படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.
இன்னொரு தடவை போட்டேன்.

எழுதினேன்:
தெரியல தம்பி.
நாளைக்கும் அனுப்பு.